செல்ஃப் அடிக்குது, வண்டி எடுக்கலை: உங்களுக்குத் தெரியுமா?

சூரியநெல்லியில் விடிகாலை 4 மணி. கொழுக்குமலையில் சூரிய உதயம் பார்க்க ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் வரிசைகட்டி நிற்கின்றன. மலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது. வண்டிப் பாதை மட்டும் கேரளத்துச் சூரியநெல்லி வழியாக. ஏறத்தாழ 7,900 அடி உயரத்தில் இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்துக்குக் கல்லும் பள்ளமுமாக ஏறும் பாதையில் ஜீப்புதான் கதி. நான் போன அன்று எங்கள் வண்டி எடுக்கவில்லை. 'கிர்... கிர்...' என்று சுற்றிக்கொண்டே இருந்தது. ஓட்டுநர் நான்காம் முறை சாவியைத் திருகப் போனபோது பின்வண்டிக்காரர் குரல் கொடுத்தார்: "நிறுத்துங்கண்ணே. என் லைட்டுல பாக்குறேன், புகையே வரலை. டீசல் போகலை." அவர் இறங்கக்கூட இல்லை. எங்கள் ஓட்டுநர் பானட்டைத் திறந்து ஒரு திருகைத் தளர்த்தி, கைப்பம்ப்பை இருபது முறை அடித்ததும் வண்டி எடுத்தது. அந்த இருபது அடிக்குப் பின்னால் எவ்வளவு சங்கதி இருக்கிறது என்று தேடித்தேடிச் சேர்த்தவை இவை.

★ டீசல் ஜீப்புக்குப் பாதி வைத்தியம் சைலன்சர் வாயிலேயே நடக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது புகையே இல்லையென்றால் சிலிண்டருக்குள் டீசல் இறங்கவில்லை. வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்தும் எடுக்கவில்லையென்றால் டீசல் இறங்குகிறது, எரியவில்லை. சூடு போதவில்லை என்று பொருள். அந்த வெண்மை எரியாத டீசலின் ஆவி, கண்ணைக் கரிக்கும். கறுப்புப் புகை வந்தால் டீசலுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை, முதலில் ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். நீலம் கலந்திருந்தால் இன்ஜின் ஆயிலும் சேர்ந்து எரிகிறது. ஆக, பானட்டைத் திறக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: குறை டீசலிலா, சூட்டிலா? இதைக் கேட்காமல் கையில் ஸ்பேனரை எடுப்பவர்கள் நல்லாயிருக்கும் பம்ப்பைப் பிரித்துப் போட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

★ டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை இறுக்கி அழுத்தினால் சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கையில் பம்ப்பின் அடிப்பக்கம் சுடுவது இதனால்தான். மலாய் நாட்டிலும் போர்னியோவிலும் முன்பு இப்படித் தீயே மூட்டினார்கள். மரத்திலோ கொம்பிலோ கடைந்த சிறு குழாய்க்குள் பஞ்சு வைத்து, அதில் கச்சிதமாகப் பொருந்தும் தண்டை ஓங்கி அடித்தால் பஞ்சு கனன்றுவிடும். ருடால்ஃப் டீசல் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய இன்ஜினும் அழுத்தத்தின் சூட்டையே நம்பியது.

இதில் ஒரு கணக்கு உண்டு. காற்றை 20-இல் ஒரு பங்காக அழுத்தும் இன்ஜினில், வெளிக்காற்று 30 டிகிரி என்றால் உள்ளே ஏட்டுக்கணக்கில் 590 டிகிரி வரை ஏறும். வெளியே 5 டிகிரி என்றால் உள்ளே 520. அதாவது வெளியே குறையும் 25 டிகிரி, உள்ளே 70 டிகிரியாகக் குறைகிறது. மலைக்குளிர் இன்ஜினை மும்மடங்காகத் தாக்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அத்துடன் செல்ஃப் மெதுவாகச் சுற்றினால், சேர்ந்த சூடு குளிர்ந்த இரும்புச் சுவரில் இறங்கிவிடும். காற்றும் பிஸ்டன் ரிங் சந்துகளில் கசிந்துவிடும். ஏட்டில் இருக்கும் 520 நிஜத்தில் வெகுவாகச் சரியும். மதியம் ஒரே திருகில் எடுக்கும் வண்டி விடிகாலையில் அழுவது இப்படித்தான்.

★ பேட்டரியும் அதே நேரத்தில் சோர்ந்துபோகிறது. ஈய-அமில பேட்டரி வேதிவினையால் ஓடுவது. குளிரில் வினை மந்தமாகும். பூஜ்யம் டிகிரியில் ஐந்தில் ஒரு பங்கு வலுவாவது போய்விடும். இன்ஜின் ஆயில் கெட்டிப்பட்டுச் சுற்றுவதற்கு அதிக வலு கேட்பதும் அந்த வேளையில்தான். மூன்று மணி நேரமாவது சும்மா நின்ற வண்டியின் பேட்டரியில் மீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் முழுச் சார்ஜ், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகப்படலாம்.

மீட்டர் இல்லையா? ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருகுங்கள். வெளிச்சம் மங்கி அணையப் போனால் பேட்டரியோ இணைப்போ பலவீனம். வெளிச்சம் அசையாமல் நின்று செல்ஃபும் அசையாவிட்டால் கரண்டே செல்ஃபுக்குப் போகவில்லை. சாவி சுவிட்ச், ரிலே, சொலினாய்டு என்று தேட வேண்டும்.

★ 0.01 ஓம். இவ்வளவு சின்னத் தடையால் என்ன ஆகிவிடும்? டீசல் ஜீப்பின் செல்ஃப் இழுக்கும் கரண்ட் எளிதாக 200 ஆம்பியரைத் தொடும். 200-ஐ 0.01-ஆல் பெருக்கினால் 2 வோல்ட். பேட்டரியின் 12-இல் 2, செல்ஃபைச் சேராமலே வழியில் சூடாகக் கரைந்துவிடுகிறது. டெர்மினலில் பூத்த பச்சைப் பூஞ்சை, துருவேறிய எர்த் வயர் முனை, இவையே அந்தத் திருடர்கள். புது பேட்டரி வாங்குவதற்கு முன் ஒருவரைச் சாவி திருகச் சொல்லிவிட்டு இணைப்புகளைத் தொட்டுப் பாருங்கள். எது சுடுகிறதோ அது கெட்ட இணைப்பு. இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே இருக்கும் எர்த் பட்டையைப் பெரும்பாலோர் மறந்தேவிடுகிறார்கள். காட்டுப் பாதையில் சேறும் நீரும் முதலில் தின்பது அதைத்தான்.

★ கார் ஓட்டுபவரைக் குறிக்கும் 'ஷோஃபர்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு 'சூடேற்றுபவர்' என்றுதான் பொருள். நீராவி வண்டிக்காலத்தில் கொதிகலனுக்குத் தீ மூட்டியவருக்கு வைத்த பெயர் அது. சிலிண்டரைச் சூடேற்றும் ஹீட்டரைப் போட்டு, டேஷ்போர்டில் சிவந்த சுருள் விளக்கு அணையும்வரை காத்திருக்கும் மலை ஓட்டுநர் அந்தப் பெயருக்கு இன்றும் முழு உரிமை உள்ளவர்.

★ மஹிந்திராவின் எம்எம் 540 ஜீப்பில் வந்த பியூஜோ இன்ஜினின் பெயர் எக்ஸ்டிபி 4.90. எண்ணைப் பிரித்தால் இன்ஜினின் ஜாதகமே தெரியும்: 4 சிலிண்டர், 90 மில்லிமீட்டர் விட்டம். மொத்தக் கொள்ளளவு 2,112 சிசி. இதில் டீசல் நேராகப் பிஸ்டன் மேல் விழாது. சிலிண்டர் தலையில் குடைந்த ஒரு சிறு அறைக்குள் தெளிக்கப்பட்டு, அங்கே பற்றிக்கொண்டு வெளியே பாயும். அறைச் சுவர் குளிர்ந்து கிடக்கையில் சூட்டைக் குடித்துவிடும் என்பதால் ஒவ்வோர் அறைக்கும் ஒரு ஹீட்டர் பிளக். நான்கில் ஒன்று செத்தாலும் வண்டி எடுக்கும். ஆனால் ஒரு நிமிடம் உடம்பை உதறி, வெள்ளைப் புகை கக்கி, பிறகுதான் சீராகும். இரண்டு செத்தால் விடிகாலையில் எடுக்காது, பத்து மணி வெயிலில் எடுக்கும். 'வெயில் ஏறினா சரியாயிடுது' என்று உரிமையாளர் சொன்ன உடனேயே அனுபவசாலி மெக்கானிக்கின் கை ஹீட்டர் வயருக்குப் போவதைக் கவனித்திருக்கிறேன்.

டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜின்களில் அறை கிடையாது, சூடு வீணாவதும் குறைவு. அவற்றில் பல, நம் மலைக்குளிரில் ஹீட்டர் இல்லாமலே எடுத்துவிடும்.

★ ஆயில் டப்பாவில் 20டபிள்யூ-40 என்று இருக்கிறதே, அந்த 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. முன்னால் இருக்கும் எண் சிறிதாக இருந்தால் குளிரில் ஆயில் இளக்கமாக ஓடும். வண்டிக் கையேடு இடம்கொடுத்தால், மலையில் நிரந்தரமாக ஓடும் ஜீப்புக்கு 15டபிள்யூ-40 விடிகாலையில் செல்ஃபின் பாரத்தைக் குறைக்கும்.

★ இனி, அன்று எங்கள் வண்டிக்கு வந்த நோய்: ஏர் எடுப்பது. ஜீப்புகளுக்கு வரும் காலை வியாதிகளில் அதிகமாக ஏமாற்றுவது இதுதான், ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

டாங்கி கீழே, இன்ஜின் மேலே. ஃபீட் பம்ப் டீசலை உறிஞ்சி மேலே இழுக்கிறது. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. ஆகவே அதில் ஒரு மயிரிழை வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே சொட்டாது. காற்று உள்ளே புகும். 'எங்கேயும் ஒழுகலையே' என்று தரையைப் பார்த்துவிட்டு நிம்மதி அடைவது இங்கேதான் தவறிப்போகிறது. இரவெல்லாம் வண்டி நிற்கும்போது அந்த வெடிப்பு வழியே காற்று நுழைய, குழாயில் இருந்த டீசல் மெல்ல டாங்கிக்கே இறங்கிவிடும். காலையில் பம்ப்புக்குள் தங்கிய கொஞ்ச டீசலில் வண்டி சட்டென்று எடுத்து, இரண்டு மூன்று வினாடி ஓடி, பொத்தென்று நின்றுவிடும். அதன்பிறகு எவ்வளவு சுற்றினாலும் எடுக்காது. எடுத்துவிட்டால் அன்று முழுக்கத் தொல்லை இல்லை. எடுத்து நிற்பது என்ற இந்த அடையாளம் ஒன்று போதும்.

காற்றுக் குமிழி ஏன் இவ்வளவு கெடுதல்? நாசில் திறக்க வேண்டுமானால் டீசல் அதை வளிமண்டல அழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கு மேல் முட்ட வேண்டும். டீசல் அநேகமாக அமுங்காது. ஆகவே பம்ப் தள்ளிய தள்ளு அப்படியே நாசிலுக்குப் போகும். இடையில் காற்று இருந்தால் பஞ்சு மெத்தை போல அமுங்கி, விரிந்து, தள்ளு முழுவதையும் விழுங்கிவிடும்.

காற்றை வெளியேற்ற டீசல் ஃபில்டரின் தலையில் இருக்கும் ஏர் திருகைத் தளர்த்தி, ஃபீட் பம்ப்பின் கைப்பிடியை அடிக்க வேண்டும். முதலில் நுரை வரும். குமிழி இல்லாமல் டீசல் மட்டும் வரும்வரை விடக்கூடாது. திருகை இறுக்கிவிட்டு மெயின் பம்ப்பிலும் அதையே செய்ய வேண்டும். அப்படியும் எடுக்காவிட்டால் நாசில் பக்கத்து நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி, செல்ஃப் அடித்து, டீசல் கசிந்ததும் இறுக்க வேண்டும். இது வைத்தியம் அல்ல, முதலுதவி. மறுநாளும் இதே கதை என்றால் டாங்கியிலிருந்து பம்ப் வரை உள்ள ரப்பர் ஓஸ், கிளிப், ஃபில்டர் ரப்பர் வளையம், செம்பு வாஷர் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். சந்தேகமான இடத்தில் கண்ணாடி போன்ற ஓஸ் ஒரு முழம் மாட்டினால் குமிழி ஓடுவதைக் கண்ணாலேயே காணலாம்.

★ செம்பு வாஷர் ஒருமுறை நசுங்கியதும் கெட்டிப்பட்டுவிடும். மறுபடி மாட்டினால் சரியாக அமராமல் காற்றை விடும். புது வாஷர் கிடைக்காத மலைப்பட்டறையில் என்ன செய்கிறார்கள்? பழைய வாஷரைச் செக்கச்சிவக்கக் காய்ச்சி ஆறவிடுகிறார்கள், இல்லையேல் தண்ணீரில் முக்கி எடுக்கிறார்கள். எஃகு அப்படிக் காய்ச்சி முக்கினால் கெட்டிப்படும். செம்போ இளகி, திரும்பப் பதமாகிவிடும். உலோகவியல் புத்தகத்தில் இருக்கும் உண்மை, பட்டறை அடுப்பில் தினமும் நடக்கிறது.

★ ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் டீசல் பம்ப்புகளைப் பெருவாரியாகத் தயாரிக்கத் தொடங்கியது 1927-இல். இந்தியாவில் அதன் கிளை 1951-இல் பெங்களூரை மையமாகக் கொண்டு 'மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி' என்ற பெயரில் தொடங்கியது. சுருக்கமாக மைக்கோ. 2008-இல் பெயர் பாஷ் லிமிடெட் என்று மாறியும், நம் பட்டறைகளின் நாக்கில் இன்னும் 'மைக்கோ பம்ப்'தான்.

★ பழைய ஜீப்பில் இன்ஜினை நிறுத்த ஒரு ஸ்டாப்பர் இழுவை உண்டு. இழுத்தால் பம்ப் டீசலை நிறுத்திவிடும். அதை மறுபடி உள்ளே தள்ள மறந்துவிட்டுப் பேட்டரி தீரும்வரை செல்ஃப் அடித்தவர்கள் எத்தனையோ பேர். புகை இல்லையா, முதலில் ஸ்டாப்பரைத் தொட்டுப் பாருங்கள்.

★ குளிரில் நன்றாக எடுத்து, சூடானபின் நிறுத்தினால் எடுக்க மறுக்கும் வண்டிகளும் உண்டு. டீக்கடையில் பத்து நிமிடம் நிறுத்தியிருப்பார்கள். திரும்பி வந்தால் எடுக்காது. சுழல் வகைப் பம்ப் உள்ளே தேய்ந்திருக்கும் என்பது இதற்கு முக்கியக் காரணம். சூட்டில் டீசல் நீர்த்துப்போகும். நீர்த்த டீசல் தேய்ந்த இடுக்கில் வழிந்துவிடும், அழுத்தம் சேராது. ஈரத்துணியைப் பம்ப் மேல் போர்த்திக் கொஞ்ச நேரம் ஆறவிட்டபின் வண்டி எடுத்தால் சந்தேகம் உறுதி. சூடான பம்ப் மேல் வாளித் தண்ணீரை ஊற்றுவது வேண்டாம். உலோகம் ஒரு பக்கம் மட்டும் சட்டென்று சுருங்கிப் பிடித்துக்கொள்ளக்கூடும்.

★ கொழுக்குமலை உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். ஒவ்வோர் உறிஞ்சலிலும் இன்ஜினுக்குக் கிடைக்கும் காற்று கால்வாசி குறைவு. ஏர் ஃபில்டரில் தேயிலைத் தோட்டப் புழுதியும் சேர்ந்துகொண்டால் ஏற்றத்தில் கறுப்புப் புகை வராமல் என்ன செய்யும்?

★ லடாக்கில் டீசலே உறையும். டீசலில் மெழுகு கரைந்திருக்கிறது. கடுங்குளிரில் அது படிகமாகப் பிரிந்து ஃபில்டரை அடைக்கும். வண்டி எடுக்கும், ஃபில்டருக்கு அப்பால் இருந்த டீசல் தீர்ந்ததும் நின்றுவிடும். இதற்காக இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் மைனஸ் 33 டிகிரி வரை இறுகாத குளிர்கால டீசலை அறிமுகம் செய்தது. கார்கில், லே பக்கத்து வண்டிக்காரர்கள் அதற்குமுன் மண்ணெண்ணெய் கலந்தும், டாங்கிக்கு அடியில் அடுப்பு மூட்டியும் சமாளித்தார்கள். அடுப்பு மூட்டுவது உயிரோடு விளையாட்டு. மூணாறுப் பக்கம் ஜனவரியில் உறைபனி விழும் நாட்களிலும் இந்த அளவு பயம் தேவையில்லை.

★ நம் மலைகளில் மெழுகைவிடத் தண்ணீர்தான் எதிரி. பாதி காலியான டாங்கியில் இரவுக்குளிரில் காற்றின் ஈரம் துளியாகி அடியில் சேரும். டீசலைவிடத் தண்ணீர் கனமானது. ஆகவே ராத்திரி டாங்கியை நிரப்பி நிறுத்துவதும், ஃபில்டர் அடியில் இருக்கும் வடிகால் திருகை அவ்வப்போது திறந்து தண்ணீரை இறக்குவதும் நல்ல பழக்கம்.

தண்ணீர் இன்ஜினுக்குள்ளேயே போய்விட்டால் கதை வேறு. ஆற்றைக் கடக்கையில் ஏர் ஃபில்டர் வழியே நீர் புகுந்து வண்டி நின்றால் ஒருபோதும் செல்ஃப் அடிக்காதீர்கள். தண்ணீர் அமுங்காது, மேலேறும் பிஸ்டன் அதில் முட்டிக் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நாசில்களையோ ஹீட்டர்களையோ கழற்றிவிட்டு, இன்ஜினைச் சுற்றி நீரை வெளியேற்றிய பிறகுதான் மேலே எதுவும்.

★ இரண்டாம் உலகப்போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் மின்னமைப்பு 6 வோல்ட்தான். அதே வலுவுக்கு இரட்டிப்புக் கரண்ட் வேண்டும், ஆகவே துருவேறிய இணைப்பின் கொடுமையும் அதிகம். முன்பம்பர் ஓட்டை வழியே நுழைக்கும் கைச்சுற்று ஹேண்டிலும் வண்டியோடு வந்தது. மின்சார செல்ஃபைச் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கி 1912 காடிலாக் கார்களில் பொருத்தியதற்கு முன் எல்லோருக்கும் ஹேண்டில்தான். இன்ஜின் எதிர்த்து உதைத்து மணிக்கட்டு எலும்பு முறிவது அவ்வளவு சகஜம். மருத்துவத்தில் அந்த முறிவுக்கு இன்றும் 'ஷோஃபர் முறிவு' என்றே பெயர். பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் ஹேண்டிலைப் பிடிக்கையில் கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைக்க வேண்டும். சுற்றி வளைத்துப் பிடித்தால், உதைக்கும் ஹேண்டில் விரலையும் கூட்டிக்கொண்டு போகும்.

★ வண்டி எடுக்காவிட்டால் பெட்ரோல் நனைத்த துணியைக் காற்று உறிஞ்சும் வாயில் காட்டும் பழக்கம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். ஹீட்டர் சிவந்திருக்கும் இன்ஜினில் பெட்ரோல் ஆவி தவறான நேரத்தில் வெடித்துப் பிஸ்டன் ரிங்கை உடைக்கும். ஆவி வெளியே பற்றினால் துணி பிடித்த கை என்னாவது? அன்றைக்கு வண்டி எடுத்துவிடும் என்பதுதான் இந்தப் பழக்கத்தின் ஆபத்தே.

★ செல்ஃபை ஒரு மூச்சில் 10 வினாடிக்கு மேல் அடிக்கக்கூடாது. அரை நிமிடமாவது ஆறவிட வேண்டும். அந்தப் பத்து வினாடிக்குள் உள்ளே செம்புச் சுருள் கொதித்துப் போயிருக்கும்.

★ காமன் ரெயில் இன்ஜின் உள்ள புதிய வண்டிகளில் நாசில் நட்டைத் தளர்த்தும் பழைய வித்தை கூடவே கூடாது. குழாய்க்குள் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும். ஊசிமுனை அளவு பீய்ச்சலே தோலைத் துளைத்துச் சதைக்குள் டீசலைச் செலுத்திவிடும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அபாயம் அது. இவ்வகை வண்டிகள் எடுக்காததற்கு கிராங்க் சென்சார், சாவியின் பூட்டுச் சில்லு, ரெயிலில் அழுத்தம் சேராமை என்று காரணங்களும் வேறு; ஸ்கேனர் மாட்டித்தான் பார்க்க வேண்டும்.

★ மலை ஓட்டுநர்கள் ராத்திரி வண்டியை இறக்கத்தில், மூக்கு கீழே பார்க்க நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். செல்ஃப் கைவிட்டாலும் உருட்டி எடுக்கலாம் என்பது தெரிந்த காரணம். தெரியாத காரணம் ஒன்றும் உண்டு: டாங்கி பின்பக்கம் உள்ள வண்டியில் மூக்கு கீழே இருந்தால், குழாயில் இருக்கும் டீசல் இரவில் டாங்கிக்குத் திரும்பி இறங்குவது குறையும். உருட்டி எடுக்கும்போது முதல் கியர் வேண்டாம். சக்கரம் இழுபட்டுச் சறுக்கும். இரண்டாம் கியர் போட்டு, வேகம் வந்ததும் கிளட்சை விட வேண்டும். இன்ஜின் ஓடாதபோது பவர் பிரேக்கின் உதவி கிடைக்காது, காலால் முழு வலுவோடு மிதிக்க வேண்டியிருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, முன்னால் ஆளில்லாத நேரான இறக்கத்தில் மட்டும். சூரியநெல்லியில் எங்கள் ஓட்டுநர் அன்று இரவு வண்டியை அப்படித்தான் நிறுத்தினார். மறுநாள் ரப்பர் ஓஸை மாற்றிவிட்டதாகச் சொன்னார். பழையதை மடக்கிக் காட்டினார், மடிப்பில் மயிரிழை போல ஒரு கீறல்.